உயிர்வேலிக்கான போத்தும் கன்றும் வீட்டிலேயே தயாரிக்கலாம்

வேலி என்றதும் நமக்கெல்லாம் கம்பிதான் ஞாபகத்துக்கு வருது. எனக்கும் அப்படித்தான் வந்தது. வங்கியில் 33 வருடம் வேலை பார்த்துவிட்டு 2016ல் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் 2 ஏக்கர் மணல்சாரி நிலம் வாங்கினேன். கடல் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரியில் இரைச்சல் மட்டும் கேட்கும். ஒரு விதைகூடப் போடுவதற்கு முன்னால் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தேன். சுற்றளவு 1,250 அடி. செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

கம்பி கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா நின்று பார்த்தாங்க. "இன்னா சாரு, கம்பி கட்டிட்டா ஆடு வராதா? ரெண்டு மழ பேஞ்சா துரு புடிச்சி ஒடிஞ்சிரும். அப்பால பூந்து வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கோபம்தான் வந்தது.

அவங்க சொன்னது இரண்டே வருடத்தில் நடந்தது. உப்புக்காற்றுக்குக் கம்பி பொரிந்து, கையால் வளைத்தாலே ஒடிந்தது. 2018 ஆவணியில் வேர்க்கடலை பூவெடுக்கும் நேரம் ஆடுகள் உள்ளே புகுந்து முக்கால் ஏக்கரை மேய்ந்துவிட்டன. நான் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போக, அந்த அம்மா சண்டைக்கு வர, ஊரே கூடிவிட்டது. வங்கியில் வராக்கடன் பார்ட்டியிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எண்பதுகளில் காங்கேயம் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தவன் நான். கடன் ஆய்வுக்குப் போகும்போது மைல் கணக்கில் பச்சை வேலிகளைத் தாண்டித்தான் போவேன். அந்த வேலிகளை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அங்கே இருந்த வருஷமெல்லாம் ஒரு வேலியையாவது நின்று பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை.

கொறங்காட்டு வேலி

கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் தனியார் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் உள்ளே மேயும். மேய்க்க ஆள் வேண்டாம்; வேலியே மேய்ப்பன்.

அந்த வேலிக்குக் கன்று கிடையாது, விதை கிடையாது. போத்துதான். மரத்திலிருந்து வெட்டி நட்டால் வேர்பிடித்து வளரும் தடித்த குச்சியைத்தான் போத்து என்கிறோம். ஏற்கெனவே நிற்கும் வேலியைக் கழிக்கும்போது கிடைக்கும் குச்சியே அடுத்த வேலிக்குப் போத்து. நம்மாழ்வார் ஐயா மேடைதோறும் உயிர்வேலி, உயிர்வேலி என்று சொன்னபோது இந்த மாதிரி வேலிகள்தான் அதற்குக் கண்முன் சாட்சி.

2018 ஐப்பசியில் காங்கேயம் போனேன். பழைய நண்பர் ஊரில் இல்லை. அவர் தோட்டத்தில் வேலை செய்பவர் 300 போத்து வெட்டிக் கட்டிக் கொடுத்தார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேனில் ஏற்றி வந்து, மறுநாளே நட்டு, தென்னங்கன்றுக்கு ஊற்றுவது போலத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் துளிர் வந்தது. வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். கார்த்திகை முடிவதற்குள் துளிர் கருகி, பட்டை நெகிழ்ந்து, இழுத்தால் குச்சி கையோடு வந்தது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. அழுகல் வாடைதான் இருந்தது. 300ல் தேறியது 11.

நண்பருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வெட்டும்போது இலை இருந்ததுங்களா?" இருந்தது என்றேன். "அப்புறம் எப்படிங்க வரும்? இலையெல்லாம் கொட்டி, மரம் தூங்கறப்ப வெட்டோணும். வெட்டினதும் நடக்கூடாது, காயப் போடோணும்" என்றார்.

அடுத்த கோடையில் செங்கல்பட்டு போகும் வழியில் பழைய புளியந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் இலையில்லாமல் முள்ளும் குச்சியுமாக ஒரு வேலி நின்றதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அதே முள்கிளுவை! என் நிலத்திலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை. தோப்புக்காரரிடம் கேட்டதும், "கழிக்கறதுக்கு ஆள் இல்லாம கெடக்குது, எடுத்துக்கோங்க" என்றார். 2019 வைகாசியில் அதை வெட்டி நட்டேன். சென்னையே தண்ணீருக்கு லாரி பின்னால் ஓடிய வருடம் அது. வாரம் ஒரு குடம்தான் ஊற்ற முடிந்தது. அந்த 250 போத்தில் 190க்கு மேல் பிழைத்தது.

இனி, நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நடுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

வங்கியில் இருந்த பழக்கம், முதலில் பத்திரத்தைப் பார்ப்பது. கம்பி வேலியை நகர்த்தலாம். உயிர்வேலி வேர்விட்டால் அதுவே எல்லைக்குச் சாட்சி ஆகிவிடும். அண்ணன் தம்பி சண்டைக்கும் அதுவே காரணமாகிவிடும். புல வரைபடத்தை எடுத்து, எல்லைக் கல் இருக்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு, கல்லிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி வரிசை போடுங்கள். வேலி அகலமாகும்போது பக்கத்து நிலத்துக்குள் போகாது. கழிக்க நமக்கும் நடக்க இடம் இருக்கும்.

எத்தனை போத்து வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு. சதுரமான 1 ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அடிக்கு ஒன்று என்றால் ஒரு வரிசைக்கு 835 போத்து. முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை நட்டால் 1,670. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் செய்ய நினைக்காதீர்கள். ஆடு வரும் பக்கத்தை முதல் வருடம் முடியுங்கள், மற்றதை அடுத்தடுத்து. நட்டதே அடுத்த பக்கத்துக்குப் போத்து கொடுக்கும்.

போத்து வகை: குச்சியை நேராக நிலத்தில் நடுவது

முள்கிளுவை: இலை கொட்டியிருக்கும் பங்குனி முதல் வைகாசிக்குள், புதுத்துளிர் கிளம்புவதற்கு முன் வெட்ட வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல் 4 அடி நீளம். கூரான கத்தியால் ஒரே வெட்டு. பட்டை நசுங்கினால் அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். இதில் ஒரு வசதி உண்டு: எது அடி, எது தலை என்று பிறகு குழப்பம் வராது. தலைகீழாக நட்டது வளராது. என்னுடைய முதல் 300ல் எத்தனை அப்படிப் போச்சோ தெரியாது. வெட்டிய போத்தை மரநிழலில் சாய்த்து நிறுத்தி 5 முதல் 7 நாள் வையுங்கள். வெட்டுவாயில் கசியும் பால் காய்ந்து தோல் கட்டும். அதற்குப் பிறகு ஒரு அடி ஆழத்தில் நட்டு, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தண்ணீர் வாரம் ஒருமுறை போதும். ஈரத்தில் ஊறினால் செத்துவிடும்.

கிளைரிசிடியா: பட்டை பழுப்பேறிய, ஆறு மாதத்துக்கு மேல் வயதான கிளையாக இருக்கணும். பச்சைக் கிளை வாடிவிடும். 2 விரல் பருமன், 4 முதல் 5 அடி நீளம். இதைக் கிளுவை போலக் காயப் போட வேண்டாம். ஓரிரு நாளில் நட்டுவிட வேண்டும். அடியில் ஒரு அடி மண்ணுக்குள். முள் இல்லாததால் தனியாக வேலியாகாது. கிளுவைக்கு நடுவே 5 அடிக்கு ஒன்று வைத்தால் தூண் மாதிரி நிற்கும். தழை அருமையான பசுந்தாள் உரம்.

பூவரசு: எங்கள் கடற்கரைக்கு இது சொந்தக்காரன். உப்புக்காற்று இதை ஒன்றும் செய்யாது. மணிக்கட்டுப் பருமனில் 5, 6 அடிப் போத்து. வெட்டிய அன்றே நடவேண்டும். முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி வைக்கலாம். நுனி வெட்டில் பசுஞ்சாணத்தை உருண்டையாக அப்பிவிடுங்கள். வெயிலுக்கு மேலிருந்து காய்ந்து வராது. ஒதியனையும் இதே முறையில் நடலாம்.

இந்தக் கடலோரத்தில் பூவரசும் கிளைரிசிடியாவும் நட புரட்டாசிதான் நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஓடிவிடும். கிளுவைக்கு மட்டும் கோடை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பை வகை: பால் கவரில் கன்று

வேலிக்கு மேல்பாகத்தைப் போத்து பார்த்துக்கொள்ளும். ஆடும் பன்றியும் நுழைவது அடிப்பாகத்தில். அங்கே அடர்த்தியாகப் புதர்ச்செடி வேண்டும். ஆடாதொடை, நொச்சி, மருதாணி மூன்றையும் குச்சியிலிருந்து பையில் வளர்த்து நடுவது நல்லது. ஆடாதொடையை ஆடு தொடாது, பெயரே சொல்லிவிடுகிறது.

நாற்றங்காலில் கன்று வாங்க ஒரு தடவை போனேன். வேர் பையைச் சுற்றிச் சுருண்டு கிடந்த பழங்கன்றுகளைத் தள்ளிவிட்டார்கள். நட்டு ஒரு வருடம் ஆகியும் முழங்கால் உயரம் தாண்டவில்லை. அதன்பிறகு வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தோம். என் மனைவி அரை லிட்டர் பால் கவர்களைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துவிடுவாள். மேல்பக்கத்தை முழுதாக வெட்டி, அடியில் நாலு ஓட்டை போட்டால் பை தயார். நடும்போது கிழித்தெடுத்துத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பை வாங்குபவரிடம் போட்டுவிடுகிறோம், நிலத்தில் விடக்கூடாது.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. எங்களிடம் மணல் மட்டும்தான் தாராளமாக இருக்கு. செம்மண்ணுக்குப் பதில் ஏரி வண்டல் சேர்க்கிறோம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம், வண்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அனுமதி வாங்கித்தான் அள்ளணும். மட்காத சாணத்தைப் போட்டால் சூட்டில் குச்சி வெந்துவிடும்.

குச்சி பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு. கீழே இரண்டு கணு மண்ணுக்குள் போகணும். வேர் அங்கிருந்துதான் கிளம்பும். இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனியில் ஒன்றிரண்டு பாதி இலை இருந்தால் போதும். வேர் இல்லாத குச்சியால் நிறைய இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. பையை மர நிழலில் நெருக்கி அடுக்கி, பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர்.

குச்சியைக் கற்றாழைச் சாறில் முக்கி வைக்கணும், இளநீரில் முக்கணும் என்று பலர் சொன்னாங்க. 50 குச்சியைக் கற்றாழைச் சாறில் முக்கியும், 50ஐ முக்காமலும் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குச்சியின் முதிர்ச்சியும் நிழலும்தான் பலன் கொடுத்தது. முக்குவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் முக்கிவிட்டோம் என்று மற்றதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. துளிர் வந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் பாயசம் வைத்த கதை ஞாபகம் இருக்கட்டும். குச்சிக்குள் சேமித்திருக்கும் உணவை வைத்தே முதல் இலை வந்துவிடும், வேர் பிறகுதான். கையிருப்பைச் செலவு செய்கிறவனை வருமானம் இருக்கிறவன் என்று நினைத்துக் கடன் கொடுத்த மாதிரி. 45 முதல் 60 நாள் கழித்து, பையின் ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால்தான் பிழைத்ததாகக் கணக்கு. நடுவில் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கக்கூடாது. ஆடியில் பை போட்டால் ஐப்பசிக்குக் கன்று தயார்.

விதை வகை

கொடுக்காப்புளி மாசி முதல் சித்திரை வரை பழுக்கும். பிள்ளைகள் தின்று துப்பிய விதையே போதும். ஓரிரு நாளில் முளைத்துவிடும். நேரடியாக வரிசையில் முக்கால் அடிக்கு ஒன்று ஊன்றி, மரமாகவிடாமல் கழித்துக்கொண்டே வந்தால் முள்ளும் அடர்த்தியுமான வேலி. களா வைகாசி, ஆனியில் பழுக்கும். பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி உடனே போட வேண்டும். சேர்த்து வைத்தால் முளைப்பு குறைந்துவிடும். களாவுக்குப் பொறுமை வேண்டும். ஆனால் ஒருமுறை நின்றுவிட்டால் பூனைகூட உள்ளே வராது. ஊறுகாய்க்குக் காயும் கிடைக்கும்.

ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழக் கொட்டைகளைக் கடல் பக்கத்து எல்லையில் 8 அடிக்கு ஒன்று போட்டிருக்கிறேன். முதலில் கிழங்குதான் கீழே இறங்கும். இலை வெளியே வருவதற்கே மாதக்கணக்கு ஆகும். பையில் போட்டு நடுவதற்கு இது தோதுப்படாது. நேரடியாகப் புதைப்பதே வழி. என் காலத்தில் நுங்கு வெட்டப் போவதில்லை என்று தெரிந்துதான் போட்டேன்.

முதல் வருடம்தான் கண்டம்

கிளுவைத் துளிர் ஆட்டுக்கு அல்வா. பிழைத்த போத்தைக் காப்பாற்றாவிட்டால் நட்டதும் வீண், பட்டதும் வீண். கருவேல முள்ளை வெட்டி வெளிப்பக்கமாகப் படல் கட்டிவிடுங்கள். என் துருக்கம்பியும் முதல் வருடம் இதற்குத்தான் பயன்பட்டது. ஒரு வருடம் கழித்து முழங்கால் உயரத்தில் நுனியை வெட்டிவிட வேண்டும். மனசு வராது. ஆனால் வெட்டினால்தான் கீழே பக்கக்கிளை வெடிக்கும். வெட்டாமல் விட்டால் மேலே குடை, கீழே ஆடு போக வழி. கிளைத்ததும் பக்கத்துக் கிளையோடு குறுக்கும் நெடுக்குமாக வளைத்துத் தென்னங்கயிற்றால் கட்டுங்கள். நைலான் கயிறு பட்டையை அறுத்துவிடும். மூன்றாவது மழைக்காலத்துக்கு வேலி தானே பின்னிக்கொள்ளும். பிரண்டையும் கோவையும் ஏற்றிவிட்டால் வீட்டுக்குத் துவையலும் பொரியலும் ஆச்சு.

காய்ந்த முள்ளையே நிரந்தரமாக வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்ட காலத்தில், வரி கட்டாத உப்பு கடந்து போகாமல் இருக்க வட இந்தியாவின் குறுக்கே சுமார் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுங்க எல்லை வைத்திருந்தான். அதில் பெரும்பகுதிக்கு முள்வேலி. ராய் மாக்ஸம் இதைத் தேடிப்போய் எழுதிய புத்தகம் தமிழிலும் 'உப்பு வேலி' என்று வந்திருக்கிறது. ஆரம்பத்தில் காய்ந்த முள்ளைத்தான் குவித்தார்கள். கரையான் தின்றது, தீப்பிடித்தது, புயல் தூக்கிக்கொண்டு போனது. 1867 முதல் 1870 வரை அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னால் 1885ல் காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். அவர்தான் உயிர்வேலியாக மாற்றுவதில் முனைந்தவர். எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று சோதித்து, மண் சரியில்லாத இடத்தில் நல்ல மண் கொட்டி, கருவேலம், இலந்தை, களா என்று நட்டார்கள். 1879ல் அந்தச் சுங்க எல்லையையே கைவிட்டார்கள். மக்களை வதைத்த வேலி அது, ஒழிந்தது நல்லது. ஆனால் அந்தந்த மண்ணுக்கு அந்தந்த ஊர்ச் செடி என்ற பாடம் அதற்குள் இருக்கு. 400 கிலோமீட்டர் போய் வந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

எதை நடக்கூடாது

சுலபமாக வருகிறதே என்று சீமைக்கருவேலத்தை வேலியாக விடாதீர்கள். வேலிக்கும் விறகுக்கும் என்று வந்ததுதான் இன்று ஏரி, குளம், ஓடையெல்லாம் நிற்கிறது. 2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அகற்றச் சொல்லும் அளவுக்குப் போச்சு. உண்ணிச்செடியும் அழகுக்காக வந்து காட்டைப் பிடித்ததுதான். நெய்வேலிக் காட்டாமணக்கு ஏரிக்குள் இறங்கிவிடும். சாதாரண காட்டாமணக்கு போத்தில் நன்றாக வரும், ஆடும் தொடாது. ஆனால் விதை விஷம். பிள்ளைகள் கடலைக்கொட்டை என்று தின்றுவிடும். வீட்டுப் பக்கம் வேண்டாம். அரளித் தழை மாட்டுக்கு ஆகாது. திருகுகள்ளி வைக்கிறவர்கள் கழிக்கும்போது கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள். பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

மாதக் கணக்கு

மாசி முதல் சித்திரை வரை: கொடுக்காப்புளி விதை சேகரிப்பு.
பங்குனி முதல் வைகாசி வரை: கிளுவைப் போத்து வெட்டி, காயவைத்து, நடுவது.
வைகாசி, ஆனி: களா விதை உடனுக்குடன் போடுவது.
ஆடி: ஆடாதொடை, நொச்சி, மருதாணி பை போடுவது. முதல் நல்ல மழைக்குக் கொடுக்காப்புளி ஊன்றுவது.
ஆவணி, புரட்டாசி: பனங்கொட்டை. புரட்டாசியில் பூவரசு, கிளைரிசிடியா.
ஐப்பசி: பைக்கன்றுகளை நிலத்தில் நடுவது.
தை: மழை ஓய்ந்ததும் கழிப்பு, கட்டு.

இது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் எங்கள் கடலோரத்துக் கணக்கு. உங்கள் ஊரில் மழை எப்போது என்பதைப் பார்த்து முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். கிளுவை இலையில்லாத நேரத்தில் வெட்ட வேண்டும் என்பது மட்டும் எந்த ஊருக்கும் மாறாது.

ஆட்டுக்கார அம்மா

2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். பழைய கல்தூணில் இரண்டு சாய்ந்து கிடந்தது. கிழக்கு வேலியில் இலையெல்லாம் உப்புத் தெறித்துக் கருகியிருந்தது. ஆனால் ஒரு இடத்திலும் வழிவிடவில்லை. தை பிறப்பதற்குள் பூவரசு மறுபடி துளிர்த்துவிட்டது.

இப்போது வேலிக்கு வயது ஆறு. பொங்கல் கழிந்ததும் கழிப்பு ஆரம்பிக்கும். மழைக்குப் பிறகு அவ்வப்போது தழையும் வெட்டுவோம். பூவரசு, கொடுக்காப்புளி, கிளைரிசிடியா என்று அத்தனை தழை விழும். நிலத்துக்கு மூடாக்கு போட்டது போக மிஞ்சுவதை என்ன செய்வது? மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அதே அம்மா வெளியே ஆட்டோடு நின்றாங்க. நான்தான் கூப்பிட்டேன்: "அம்மா, இந்தத் தழைய எடுத்துக்கிறீங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாங்க. அப்புறம், "நீதான் சாரு ஆட்ட புடிச்சி கட்டுனவன்" என்றாங்க. ஆமாம் என்றேன். சிரித்துவிட்டாங்க.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். கழிக்கிற நாளில் அவங்களும் அரிவாளோடு வந்துவிடுவாங்க. முள் தள்ளிய தழை அவங்களுக்கு. ஆட்டுப் புழுக்கை இரண்டு மூட்டை எனக்கு. கிளைரிசிடியாவை முதலில் ஆடு முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. ஒருநாள் வாடவைத்துக் கொடுத்துப் பழக்கினது அவங்கதான். வேலியில் எங்காவது சந்து விழுந்தால் எனக்கு முன்னால் அவங்க கண்ணில் படும். "சாரு, வடக்கு மூலைல ஓட்ட வுழுந்துருக்குது, ரெண்டு போத்து சொருவு" என்று குரல் வரும்.

போன வைகாசியில் அவங்க வீட்டுக் கொல்லைக்கு 60 கிளுவைப் போத்து வெட்டிக் கொடுத்தேன். "இப்பவே நட்டுறலாமா?" என்று கேட்டாங்க. "ஒரு வாரம் நெழல்ல சாத்தி வைங்கம்மா, பால் காயட்டும்" என்றேன். பக்கத்தில் யாருக்காவது போத்து தேவைப்பட்டால் அடுத்த பங்குனியில் வாங்க, என் வேலியிலேயே வெட்டித் தருகிறேன். கத்தியை மட்டும் கூர்போட்டு எடுத்து வாருங்கள்.